மென்டர் ஆவதற்காக வேலையை விடலாமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதினோரு வருடமாக இ.சி.இ. துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வயது 36. மூன்று வருடத்துக்கு முன், மாணவர்களின் புது முயற்சிகளை ஊக்குவிக்கும் இன்னொவேஷன் கவுன்சில் பொறுப்பை, "நீங்களே பாத்துக்கோங்க மேடம்" என்று என் தலையில் கட்டினார்கள். வேண்டாவெறுப்பாகத் தொடங்கிய வேலை, இப்போது பாடம் நடத்துவதைவிட அதுதான் பிடித்திருக்கிறது. ஹாக்கத்தான் நடத்துகிறேன், தங்கள் யோசனையை நடுவர்கள் முன் விளக்கும் பிட்ச்சுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். போன வருடம் என் மாணவர்கள் இருவர் செல்போனிலிருந்தே கிணற்று மோட்டாரைப் போட்டு நிறுத்தும் கருவி செய்து ஒரு போட்டியில் முதல் பரிசு வாங்கினார்கள். ஏழு விவசாயிகளுக்கு விற்கவும் செய்தார்கள். அதில் மூன்று திரும்பி வந்துவிட்டன. அடுத்து என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கம்பெனி தொடங்கினால் எனக்கு ஐந்து சதவீதப் பங்கு தருவதாகவும் சொல்கிறார்கள்.

வேலையை விட்டு, புதுக் கம்பெனி தொடங்குகிறவர்களுக்கு வழிகாட்டும் முழுநேர ஸ்டார்ட்அப் மென்டர் ஆகிவிடலாம் என்று தோன்றுகிறது. 85,000 ரூபாய்க்கு 'சர்டிஃபைடு மென்டர்' ஆன்லைன் கோர்ஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர், "நீ ஒரு பொட்டிக்கடைகூட நடத்துனது இல்ல, கம்பெனி நடத்துறவனுக்கு என்னத்தச் சொல்லிக்குடுப்ப?" என்கிறார். வீட்டுக்கடன் இன்னும் ஒன்பது வருடம் பாக்கி. பி.எச்டி. முடிப்பதா, கோர்ஸில் சேர்வதா, ராஜினாமா செய்வதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ராஜினாமா வேண்டாம், கோர்ஸும் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் பதற்றமில்லாமல் படிப்பீர்கள். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம், திரும்பி வந்த அந்த மூன்று கருவிகள்தான்.

கடிதத்தோடு பையன்களின் பிட்ச் கோப்பையும் இணைத்திருந்தீர்கள். அழகான ஸ்லைடுகள். நான்காவதில், 'விவசாயிக்கு மின்கட்டணத்தில் 30 சதவீதம் மிச்சம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. மேடம், தமிழ்நாட்டில் விவசாய பம்ப்செட்டுக்கு 1990-லிருந்து மின்சாரம் இலவசம். பில்லே வராதவருக்கு எதில் 30 சதவீதம்? பையன்கள் எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருப்பார்கள், அவர்களை விடுங்கள். அந்த ஸ்லைடை நீங்கள் பத்து முறையாவது பார்த்துத் திருத்தியிருப்பீர்கள். நடுவர்களும் பார்த்துவிட்டு முதல் பரிசைக் கையில் கொடுத்துவிட்டார்கள். தோட்டம் வைத்திருக்கும் ஒருவரை அந்த அறையில் உட்கார வைத்திருந்தால் நான்காவது ஸ்லைடிலேயே சிரித்திருப்பார்.

விவசாயி அந்தக் கருவிக்குக் காசு கொடுப்பது தூக்கத்துக்காக. மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரன்ட் நடுராத்திரியில் வந்தால் டார்ச்சும் கையுமாக வரப்பில் நடக்க வேண்டும், பாம்பு பூச்சிக்குப் பயப்பட வேண்டும். கருவியும் புதிது அல்ல. செல்போன் ஸ்டார்ட்டர்கள் எலக்ட்ரிக்கல் கடைகளில் பல வருடமாக விற்பனையில் இருக்கின்றன. எதை வாங்குவது, எதைக் கழற்றி வீசுவது என்று முடிவு செய்கிறவரும் பெரும்பாலும் விவசாயி இல்லை, மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். மோட்டார் புகைந்தால் முதலில் போன் போவது அவருக்குத்தான். வந்து பார்த்துவிட்டு, "இந்தப் பொட்டியாலதாண்ணே எரிஞ்சிருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை முடிந்தது. இன்னொன்று, த்ரீ பேஸ் இல்லாத நேரத்தில் டூ பேஸிலேயே கன்டென்சர் போட்டு மோட்டார் ஓட்டும் தோட்டங்கள் நம்மூரில் ஏராளம். மூன்று பேஸும் இருந்தால்தான் ஓட விடுவேன் என்று அடம்பிடிக்கும் கருவி அங்கே ஒரு வாரம் தங்காது. உங்களுடைய மூன்றும் ஏன் திரும்பின என்று நீங்கள் எழுதவில்லை. என் ஊகம் இதுதான். தப்பாகவும் இருக்கலாம், போய்க் கேட்டால்தான் தெரியும்.

நீங்கள் ஆக விரும்பும் மென்டரின் வேலை இப்படிப்பட்டதுதான். இனி வீட்டுக்காரரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வது பாதி சரி.

சரியில்லாத பாதியை முதலில் பார்ப்போம். தொழில்முனைவைச் சொல்லிக்கொடுப்பதும் தொழில்முனைவோருக்கு மென்டராக இருப்பதும் ஒரே வேலை அல்ல. முதலாவதற்கு ஒரு முறை இருக்கிறது, அதை ஒரு நல்ல ஆசிரியர் கற்றுக்கொள்ள முடியும். அமெரிக்காவில் ஸ்டீவ் பிளாங்க் என்பவர் எட்டு ஸ்டார்ட்அப்களில் உழன்றுவிட்டு 1999-ல் ஓய்வுபெற்று, அதன் பிறகு வகுப்பறைக்கு வந்தார். 2011-ல் ஸ்டான்ஃபோர்டில் அவர் தொடங்கிய 'லீன் லாஞ்ச்பேட்' பாடத்தில் பிசினஸ் பிளான் எழுதும் வேலையே கிடையாது. கட்டடத்தை விட்டு வெளியே போய் வாடிக்கையாளரிடம் பேசிவிட்டு வந்து, கேட்டதை வகுப்பில் சொல்ல வேண்டும். அதே ஆண்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை அந்த முறையை 'ஐ-கோர்' என்ற பெயரில் விஞ்ஞானிகளுக்கான பயிற்சியாக்கியது. ஏழு வாரத்துக்குள் ஒவ்வொரு அணியும் 100 பேரிடம் பேச வேண்டும் என்பது அதன் கணக்கு.

பேசுவது என்றால் விற்பது இல்லை, கேட்பது. "எங்க கருவி பிடிச்சிருக்காங்கய்யா?" என்று கேட்டால் நம் பக்கம் யாரும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், மோர் கொடுத்து அனுப்புவார்கள். "போன தடவை ராத்திரி கரன்ட் வந்தப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் என்னென்ன வாங்கிப் பார்த்தார், எவ்வளவு செலவு செய்தார், ஏன் விட்டார் என்று பிடித்துக்கொண்டே போக வேண்டும். இப்படிக் கேட்கப் பழக்குவதற்குக் கம்பெனி நடத்தியிருக்க வேண்டியதில்லை. பொறுமையும், மாணவர் ஒப்பேற்றிக் கொண்டுவருவதைக் கண்டுபிடிக்கும் கண்ணும் வேண்டும். பதினோரு வருடம் லேப் ரெக்கார்டு திருத்தியவருக்கு அந்தக் கண் இல்லாமலா இருக்கும்?

ஆனால் இப்போது உங்கள் நேரம் எதில் போகிறது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கவுன்சிலின் ஸ்டார் ரேட்டிங்குக்காகக் காலாண்டுக்கு இத்தனை நிகழ்ச்சி, ஒவ்வொன்றுக்கும் ஜியோ டேக் போட்ட போட்டோ, பேனர், அறிக்கை. இதைச் செய்கிற எல்லோரையும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் செய்திருக்கிறேன். இதிலிருந்து கிடைப்பது நிகழ்ச்சி நடத்திய அனுபவம். அதற்கும் சந்தையில் விலை உண்டு, ஆனால் அது வேறு வேலை.

இனி அவர் சொல்வதில் சரியான பாதி. புதுக் கம்பெனிகள் காலூன்றும் வரை தாங்கிப்பிடிக்கும் ஓர் இன்குபேட்டரில் நான் ஆறு வருடம் மேலாளராக இருந்தேன். அங்கே ஒரு ஃபவுண்டர் (கம்பெனியைத் தொடங்கியவர்), தொழிற்சாலைகளுக்கு சென்சார் செய்து கொடுப்பவர். மாதம் 27-ஆம் தேதி என் அறைக்கு வந்தார். நான்கு நாளில் ஒன்பது பேருக்குச் சம்பளம் போட வேண்டும், வங்கியில் ஒரு ஆளுக்குப் போடத்தான் பணம் இருந்தது. அன்றைக்கு வந்திருந்த ஒரு பிரபல மென்டரிடம் அனுப்பிவைத்தேன். அவர் ஒரு மணி நேரம் தொலைநோக்கு பற்றிப் பேசினார். ஃபவுண்டர் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார், கை நடுங்கியது. சாயங்காலம் எங்கள் கணக்கு பார்க்கும் பெரியவர் அவரைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "யாரு யாரு உங்களுக்குத் தரணும்?" மூன்று கம்பெனிகளிடம் பாக்கி நின்றது, ஒன்று நூறு நாளைத் தாண்டி. "உத்யம் பதிவு இருக்கா?" சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவைத்தான் கேட்டார்; இருந்தது. "அப்ப 45 நாளைக்குள்ள குடுத்தாகணும்னு 2006 சிறுதொழில் சட்டமே இருக்கு தம்பி. மிரட்ட வேணாம், மரியாதையா அதைச் சொல்லி ஒரு மெயில் போடுங்க. அதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க, மேனேஜருக்கு இல்ல, அக்கவுன்ட்ஸ்ல பில் பாஸ் பண்றவருக்கு." எங்கள் எதிரிலேயே மூன்று போன் போட வைத்தார். 30-ஆம் தேதி ஒரு பாக்கி வந்தது. சம்பளம் போட்டார்கள்.

அந்தப் பெரியவரும் கம்பெனி நடத்தியதில்லை. ஆனால் முப்பது வருடம் உலோகம் வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் பாக்கி வசூலித்தவர். வீட்டுக்காரர் கேட்பது இந்த அனுபவத்தைத்தான், பெட்டிக்கடை ஓர் உதாரணம். வேறொருவரின் பணம் மாட்டிக்கொண்ட இடத்தில் பொறுப்போடு நின்றிருக்கிறீர்களா என்கிறார். இன்றைய நிலையில் உங்கள் பதில், இல்லை. அது நிரந்தரமான இல்லை அல்ல.

உங்கள் துறையிலேயே, ஆசிரியராக இருந்துகொண்டே அதைச் செய்தவர் இருக்கிறார். சென்னை ஐ.ஐ.டி. மின்பொறியியல் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. அவரும் சக பேராசிரியர்களும் சேர்ந்த டெனெட் குழு, 1990-களில் கம்பியில்லாத் தொலைபேசி இணைப்புக்கான கார்டெக்ட் தொழில்நுட்பத்தை மைடாஸ் என்ற கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கியது. அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்கள் அவருடைய பழைய மாணவர்கள். 2010-ல் தரமணியில் திறந்த ஐ.ஐ.டி. ரிசர்ச் பார்க்கையும், அங்குள்ள இன்குபேஷன் செல்லையும் இன்று எல்லோரும் போய்ப் பார்த்து வியக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருபது வருடம் சர்க்யூட் போர்டோடும் கம்பெனிக்காரர்களோடும் மல்லுக்கட்டிய கதை இருக்கிறது. ஐ.ஐ.டி.யின் வசதி உங்கள் கல்லூரிக்கு வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்களுக்கும் ஒரு கருவி இருக்கிறது, இரண்டு பையன்கள் இருக்கிறார்கள்.

பண விஷயத்தைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். தனியாக, மென்டரிங்கை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பார்த்தவர்களில் பலர் கம்பெனியை விற்றோ, பெரிய பதவியிலிருந்து விலகியோ வந்தவர்கள், அவர்களுக்கு மாதச் சம்பளம் தேவையில்லை. மத்திய அரசின் அடல் இன்னொவேஷன் மிஷன் நடத்தும் 'மென்டர் ஆஃப் சேஞ்ச்' போன்றவை முழுக்கத் தன்னார்வச் சேவை. பல இடங்களில் போக்குவரத்துச் செலவும் ஒரு சால்வையும்தான். மாதச் சம்பளம் இருப்பது இன்குபேட்டர் வேலைகளில்: புரோகிராம் மேனேஜர், இன்குபேஷன் மேனேஜர், கொஞ்ச வருடம் போனால் சி.இ.ஓ. திருச்சியில் 1986-லிருந்து ட்ரெக்-ஸ்டெப் இருக்கிறது, கோவையில் பி.எஸ்.ஜி.-ஸ்டெப், ஃபோர்ஜ், சென்னையில் 2001-லிருந்து வில்குரோ. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். மதுரையிலும் வட்டார மையம் வைத்திருக்கிறது, உங்களுக்கு ஒன்றரை மணி நேர பஸ். இந்த வேலைகளில் பாதி நேரம் அரசு மானியத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தயாரிப்பதிலேயே போகும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஆனாலும் மீதிப் பாதியில் வருடத்துக்கு இருபது கம்பெனிகளின் உள்ளே எட்டிப்பார்க்கலாம். உங்களுக்குக் குறைவது அதுதான்.

ராஜினாமாவுக்குப் பதிலாக விடுப்பு கேளுங்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2019 இன்னொவேஷன் ஸ்டார்ட்அப் கொள்கை, ஆசிரியர்கள் ஸ்டார்ட்அப்பில் வேலை பார்க்க ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ விடுப்பில் போய்த் திரும்பி வரலாம் என்கிறது. அது வழிகாட்டுதல்தான், உங்கள் கல்லூரி அதை ஏற்றுத் தன் பெயரில் கொள்கை வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கவுன்சில் பொறுப்பாளர் நீங்கள் என்பதால் அந்தக் கோப்பு உங்கள் பீரோவிலேயே இருக்கலாம்! கரஸ்பான்டென்ட் முகம் சுளிப்பார். சம்பளமில்லா விடுப்பு என்று கேட்டால் சுளிப்பு குறையும். அந்த வருடத்து இ.எம்.ஐ.க்குப் பணத்தை எடுத்து வைத்த பிறகே கேளுங்கள். அதற்கு இரண்டு வருடம் சேர்க்க வேண்டியிருந்தால் இரண்டு வருடம் கழித்துக் கேளுங்கள், ஒன்றும் ஓடிப்போகாது.

கோர்ஸ்: இந்தியாவில் ஸ்டார்ட்அப் மென்டர் ஆக எந்த லைசென்சும் தேவையில்லை. எந்த ஃபவுண்டரும் சர்டிஃபிகேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பி.எச்டி.: கல்லூரியில் மேலே போக அது வேண்டும், மென்டரிங்குக்கு அதனால் பயனில்லை. இதோடு ஒன்றையும் கவனியுங்கள். யு.ஜி.சி. 2022-ல் கொண்டுவந்த 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' திட்டத்தில், 15 வருடத் துறை அனுபவம் உள்ளவர்கள் பி.எச்டி. இல்லாமலேயே வகுப்பறைக்குள் வரலாம். ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கு அந்தக் கதவு கிடையாது. நீங்கள் வெளியே போக நினைக்கும் அதே நேரத்தில் வெளியே இருப்பவர்கள் உள்ளே வந்துகொண்டிருக்கிறார்கள்.

ஐந்து சதவீதப் பங்கு: வாங்காதீர்கள். நீங்கள் இன்டர்னல் மார்க் போடுகிறவர். மாணவர் தானாகவே விரும்பிக் கொடுத்தார் என்று நாளை சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அளவும் அதிகம். அமெரிக்காவில் பலரும் பின்பற்றும் ஃபாஸ்ட் என்ற மாதிரி ஒப்பந்தத்தில், யோசனை நிலையிலிருக்கும் கம்பெனிகூட ஆலோசகருக்குக் கொடுப்பது கால் முதல் ஒரு சதவீதம், அதுவும் இரண்டு வருடத்தில் சிறுகச் சிறுக. நம் கம்பெனிச் சட்டப்படி ஈசாப் எனும் பங்குத் திட்டம் ஊழியர்களுக்கும் இயக்குநர்களுக்கும் உரியது, வெளியிலிருக்கும் ஆலோசகருக்கு அதைக் கொடுக்க முடியாது. பையன்கள் படித்து முடித்து, கம்பெனி பதிவாகி, அப்போதும் நீங்கள் தேவைப்பட்டால் ஓர் ஆடிட்டரை உட்கார வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

அதற்கு முன் இந்தச் சனிக்கிழமை, திரும்பி வந்த மூன்று கருவிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பையன்களோடு பஸ் ஏறுங்கள். முதலில் அந்த ஊர்க் காயில் கட்டும் கடை, பிறகு அந்த மூன்று தோட்டம். ஸ்லைடு வேண்டாம். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். வீட்டுக்காரருக்கு நேரமிருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்வி கேட்கத் தெரிந்த ஆள் மாதிரித் தெரிகிறார்.