வார்டுக் காற்றும் அடைத்த சன்னலும்

கேள்வி: சேலத்தில் ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் என் அம்மாவைச் சேர்த்திருந்தோம். கொசு வருகிறது என்று சன்னல்களை எல்லாம் அடைத்து ஏ.சி. போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் ஓயாமல் இருமினார். அந்தக் காற்று பாதுகாப்பானதா? இதில் எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது ஏதும் உண்டா?
— ஒரு வாசகி, ஏற்காடு.

பதில்: உங்கள் ஐயம் நியாயமானதே. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. பொதுவாக அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது; வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. காசநோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துகள்கள் மணிக்கணக்கில் மிதக்கக்கூடியவை என்பதால், அடைத்த வார்டில் அவை சேர்ந்துகொண்டே போகும். (இருமுகிறவர் எல்லாரும் காசநோயாளி அல்லர், பக்கத்துக் கட்டில்காரரைச் சந்தேகிக்க வேண்டாம்.)

பொது வார்டில் ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் வெளிக்காற்று தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்தது. பெரு நாட்டின் லிமா நகரில் 8 மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், சன்னலையும் கதவையும் திறந்துவைத்த அறைகளில் மணிக்கு ஏறத்தாழ 28 முறை காற்று மாறியது தெரியவந்தது. தொற்றுநோயாளிகளின் அறைகளுக்கு இயந்திரக் காற்றோட்டத்தில் பரிந்துரைக்கப்படும் அளவோ 12 முறைதான். உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களே புதியவற்றைவிட இதில் முந்தின. பழைய வார்டுகளைப் பழமை என்றே இடிக்கத் துடிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆனால் ‘சன்னலைத் திறந்துவைக்கவும்’ என்று எழுதி ஒட்டினால் மட்டும் சன்னல் திறந்துவிடாது. மார்கழிப் பனியில், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் உறவினர்தான் நள்ளிரவில் எழுந்து அதைச் சாத்துகிறார். எப்போது, எதற்காகச் சாத்துகிறார் என்று அவரிடம் கேட்காத ஆய்வு, கருவிகளை மட்டும் நம்பி நின்றுவிடும். கொசுவலை அடித்தால் போதுமா, மேல்பாதியை மட்டும் திறந்தால் குளிர் தாங்குமா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவியை வார்டில் எல்லாரும் பார்க்கும்படி வைப்பது நல்ல தொடக்கம். வெளியில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு இருக்கும் அந்த வாயு உள்ளே ஏற ஏற, பிறர் விட்ட மூச்சையே நாம் இழுக்கிறோம் என்று பொருள். அக்கருவி கிருமிகளை எண்ணுவதில்லை.

தாதியர் கண்காணிப்பாளரிடம் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைக்கும்படியும், இருமுகிறவருக்கு முகக்கவசம் கொடுக்கும்படியும் நீங்கள் தயங்காமல் கேட்கலாம். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்ப்பதை மட்டும் ஊழியர்களிடமே விட்டுவிடுங்கள். ஆக்சிஜன் ஓடும் கட்டிலருகே நெருப்பு ஆகவே ஆகாது.