கவிழ்த்துப் பார்த்தீர்களா? பழைய கதிரைகள்: கேள்வி-பதில்

படம் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கதிரை என்ன விலைக்குப் போகும்? (சாவகச்சேரி)

ஒரே ஒரு படம், அதுவும் இரவில் எடுத்தது. கதிரையின் மேல் உடுப்பு வேறு குவிந்து கிடக்கிறது. இதைப் பார்த்து விலை சொல்கிறவரை நம்பாதீர்கள். உடுப்பை எடுத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் கதிரையைக் கவிழ்த்து, அடிச்சட்டம், கால் பொருந்தும் இடம், முதுகின் பின்பக்கம் மூன்றையும் படம் எடுத்து அனுப்புங்கள். அதுவரை யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

பூட்டனின் கைபிடிக் கதிரை. முதுகு முழுக்கப் பூவும் கொடியும் செதுக்கியிருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தது என்று அப்பா சொல்வார். உண்மையா? (அரியாலை)

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658இல், ஆங்கிலேயரிடம் விட்டது 1795இல். ஆக, கதிரைக்குக் குறைந்தது 230 வயதாவது இருக்க வேண்டும். பூட்டன் எப்போது பிறந்தார் என்று முதலில் விசாரியுங்கள். அவருக்கே அது பழையதாகக் கிடைத்திருக்கலாம், அதையும் மறுக்கவில்லை.

பூவும் கொடியும் மட்டும் சாட்சியாகாது. 19ஆம் நூற்றாண்டில் காலித் தச்சர்கள் கருங்காலியில் அருமையாகச் செதுக்கி ஆங்கிலேயருக்கு விற்றார்கள். அவற்றில் எத்தனையோ இன்று ஒல்லாந்தர் பெயரில் கை மாறுகின்றன. பெரிய சேகரிப்பாளர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹொரஸ் வால்போல் தேடித் தேடி வாங்கிய கருங்காலிக் கதிரைகளை ரியூடர் அரசர் காலத்தவை (15, 16ஆம் நூற்றாண்டு) என்றே நம்பினார். அவை கடலுக்கு அக்கரையில், சோழமண்டலக் கரையில் செய்தவை.

எனவே கவிழ்த்துப் பாருங்கள். அடிச்சட்டத்தில் வாள் தடம் வளைவு வளைவாக இருந்தால் வட்ட வாளில் அறுத்த பலகை, 19ஆம் நூற்றாண்டுக்கு முன் போகாது. பிளஸ் தலை ஸ்குரூ 1930களில்தான் வந்தது. ஆனால் அது பின்னால் திருத்தியபோது போட்டதாகவும் இருக்கலாம். கடைசல் கால் இருந்தால் வேணியர் அளவுகோல் வைத்து ஒரே இடத்தை இரண்டு பக்கமாக அளந்து பாருங்கள். மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. அதனால் வட்டமாகக் கடைந்த பழைய கால் காலப்போக்கில் கொஞ்சம் முட்டை வடிவாகும். இரண்டங்குலக் காலில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தால் நல்ல அறிகுறி. ஒற்றை அறிகுறியை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

கறுப்பு, நல்ல பாரம். கருங்காலிதானே? (வவுனியா)

அப்படிச் சொல்ல முடியாது. முதிரையும் பாலையும் கூடப் பாரம்தான், கறுப்புச் சாயம் எதிலும் ஏறும். அடிச்சட்டத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள், சாயம் அங்கே அநேகமாக எட்டியிராது.

காலடியில் மா மாதிரிக் கொட்டுகிறது. மண்ணெண்ணெய் ஊற்றலாமா? (பருத்தித்துறை)

ஊற்ற வேண்டாம், பொலிஷ் கெட்டுவிடும். துளையின் உள் விளிம்பு வெளிறியிருந்தால் பூச்சி இப்போதும் உள்ளே இருக்கிறது, கறுத்திருந்தால் பழைய காயம். அடியில் கறுப்புத் துணி விரித்து இரண்டு கிழமை பாருங்கள். புதிதாக மா விழுந்தால் மற்றத் தளபாடங்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். பிறகு மரப்பூச்சிக்கு மருந்தடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கதிரை கறுத்துப் போய்விட்டது. மெஷின் போட்டு உரஞ்சி வார்னிஷ் அடித்தால் புதுசு மாதிரி வரும் என்கிறார் தச்சர். அவர் கேட்கும் கூலி நியாயமா? (மானிப்பாய்)

கூலியை விடுங்கள், அந்த வேலையே வேண்டாம். இதை எத்தனை தடவை எழுதிவிட்டேன்!

வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு கதிரை பார்த்தேன். முதுகின் நடுவில் ஒரு தாமரை, ஒவ்வொரு இதழிலும் நகக்கீறல் அளவில் நரம்பு. ரோச் லைட்டைச் சாய்த்துப் பிடித்தால் உளி எங்கே தொடங்கியது, எங்கே திரும்பியது என்று தெரிந்தது. அடுத்த வருடம் போனபோது கலியாண வீட்டுக்காக உரஞ்சி முடித்திருந்தார்கள். நரம்பு ஒன்றும் இல்லை. தாமரை, பாவித்துத் தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி இருந்தது. மேலே கண்ணாடி போல வார்னிஷ். வீட்டுக்காரர் சந்தோஷமாகக் காட்டினார், எனக்குப் பேச வாய் வரவில்லை.

நீங்கள் கறுப்பு என்று சொல்வதில் பாதி, கைபிடியில் மூன்று தலைமுறை கை வைத்த மெருகு. சேகரிப்பவர் காசு கொடுப்பது அதற்குத்தான். உரஞ்சினால் போனதுதான், எந்தத் தச்சராலும் திருப்பி வைக்க முடியாது. 1995 ஒக்ரோபரில், போர் நெருங்கியபோது, யாழ்ப்பாணத்து வீடுகளைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். திரும்பி வந்தபோது எத்தனை வீட்டில் ஒரு கதிரை மிஞ்சியிருந்தது? அத்தனையையும் தாண்டி வந்ததை ஒரு பின்னேரத்தில் மெஷினுக்குக் கொடுக்காதீர்கள்.

செய்யக்கூடியது இதுதான். மெல்லிய தூரிகையால் செதுக்கலுக்குள் இருக்கும் தூசைத் தட்டுங்கள். பிறகு ஈரம் தெரியாத அளவுக்குப் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கண்ணில் படாத இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் பழைய அரக்குப் பொலிஷ். அதைத் தெரிந்தவரைக் கொண்டு மேலோட்டமாகப் புதுப்பிக்கலாம்.

இருக்கைப் பிரம்பு தொய்ந்துவிட்டது. (காரைநகர்)

கவிழ்த்து, அடிப்பக்கப் பிரம்பில் இளஞ்சூட்டு நீர் நனைத்த துணியைப் போட்டு எடுத்து, நிழலில் ஓர் இரவு காய விடுங்கள். அறுந்திராத பிரம்பு அநேகமாக இறுகிவிடும். அறுந்திருந்தால் கையால் பின்னுவிக்கலாம், கதிரையின் மதிப்பு பெரிதாகக் குறையாது. சட்டத்தில் உள்ள பழைய துளைகளை மட்டும் அடைக்க விடாதீர்கள்.

கைபிடி கழன்றுவிட்டது. எப்பொக்சி போடலாமா? (நல்லூர்)

கூடாது. வச்சிரம் (தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) போடுங்கள். நாளைக்குச் சூடும் ஈரமும் காட்டிக் கழற்றலாம்.

அம்மம்மாவின் கதிரையைக் கனடாவுக்கு எடுக்க விருப்பம். கப்பலில் போட்டால் சரிதானே? (ரொறொன்ரோ)

சரியில்லை, பிள்ளை. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்டது என்று நியாயமாக நம்பக்கூடிய பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டு போக முடியாது. இப்படி வெளியே கொண்டு போவதைக் கட்டுப்படுத்த 1988ஆம் ஆண்டுக் கலாசாரச் சொத்துச் சட்டமும் இருக்கிறது. 1815க்குப் பிந்திய கதிரை என்று நீங்களே முடிவு செய்து பெட்டியில் அடைக்க வேண்டாம். படங்களோடு தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதி, பதில் கையில் வந்த பிறகு கப்பல்காரரிடம் பேசுங்கள். படம் எடுக்கும்போது கதிரையைக் கவிழ்த்தும் எடுங்கள்.