கடல் கேள்விகள்: ஹெர்மிஸ் கப்பலுக்கு எப்போது இறங்கலாம்?

கேள்வி: ஸ்கூபா (காற்றுச் சிலிண்டருடன் நீரடியில் சுழியோடுதல்) கற்று ‘அட்வான்ஸ்ட் ஓபன் வோட்டர்’ சான்றிதழ் பெற்றிருக்கிறேன். இதுவரை 27 தடவை கடலில் இறங்கிய அனுபவம் உண்டு. அடுத்த விடுமுறைக்கு மட்டக்களப்புக்குப் போய், கடலடியில் கிடக்கும் ‘ஹெர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அங்கே நீர் வெதுவெதுப்பாகவும் தெளிவாகவும் இருக்கும் என்கிறார்களே, எனக்கு இது சாத்தியமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீர் வெதுவெதுப்பாக இருப்பது உடம்புக்குச் சுகந்தான், ஆனால் ஆழத்தை அது ஒரு சாண்கூடக் குறைப்பதில்லை. ஹெர்மிஸ் ஏறக்குறைய 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. உங்கள் சான்றிதழோ 30 மீற்றருடன் நின்றுவிடுகிறது; ஆழ்நீர்ச் சிறப்புப் பயிற்சி முடித்தவர்களுக்குக்கூடப் பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40 மீற்றர்தான்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், மேற்பரப்பில் ஏற்கெனவே உள்ள ஒன்றையும் சேர்த்து, 53 மீற்றரில் உங்கள் மேல் இருப்பது 6.3 மடங்கு அழுத்தம். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்றை இழுக்கும் ஒருவர் அங்கே 126 லீற்றரை இழுப்பார். 200 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில் நிரப்பிய 12 லீற்றர் சிலிண்டரில் இருப்பது சுமார் 2,400 லீற்றர் காற்று. அது 19 நிமிடத்தில் அடியோடு தீர்ந்துவிடும். இறங்குவதற்கும் ஏறுவதற்கும் நண்பருக்குக் கொடுப்பதற்கும் வேண்டிய காற்று இந்தக் கணக்கில் சேரவேயில்லை. போதாததற்கு, அந்த ஆழத்தில் சில நிமிடங்கள் தங்கினாலே, நேராக மேலே வரும் உரிமை போய்விடும். இரத்தத்திலும் தசைகளிலும் கரைந்த நைதரசன் குமிழியாகாமல் மெல்ல வெளியேறுவதற்காக, ஏறும் வழியில் நிலைக்கு நிலை நின்று காத்திருந்துதான் வர வேண்டும்.

நைதரசனின் மயக்கம் இன்னொன்று: ஆழத்தில் அது மது போல மூளையை மந்தமாக்கும். முதன்முதலாக 38 மீற்றருக்கு இறங்கியபோது, சிலிண்டரில் எஞ்சிய காற்றைக் காட்டும், என் கையிலிருந்த அழுத்தமானியை மூன்று தடவை பார்த்தேன். முள் 110 இல் நிற்பது தெரிந்தது, ஆனால் அது போதுமா போதாதா என்று சொல்லத் தெரியவில்லை. பயம் ஏதும் வராததுதான் அதில் பயப்பட வேண்டிய விடயம். ஐந்து மீற்றர் மேலே வந்ததும் தலை தெளிந்தது. ஹெர்மிஸுக்கு முறையாக இறங்குகிறவர்கள் இந்த மயக்கத்தைக் குறைப்பதற்காகவே ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிக்கிறார்கள். இரட்டைச் சிலிண்டரும், ஏறும்போது பயன்படுத்த வேறு கலவை கொண்ட சிலிண்டர்களும் எடுத்துச் செல்கிறார்கள். அது தனிப் பயிற்சி. “சும்மா ஒரு சிலிண்டரோடு தொட்டுவிட்டு வரலாம்” என்று யாராவது அழைத்தால், அந்தப் படகில் ஏறாதீர்கள்.

ஆசையைக் குறை சொல்லவில்லை. விமானந்தாங்கிக் கப்பல் என்றே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. (ஆனால், பின்னால் தொடங்கிய ஜப்பானின் ‘ஹோஷோ’ முந்திக்கொண்டு சேவைக்கு வந்துவிட்டது.) 1942 ஏப்ரல் 8 இரவு, தாக்குதல் வரும் என்ற எச்சரிக்கையால் திருகோணமலையை விட்டு அவசரமாக வெளியேறியபோது, அந்த விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு விமானமும் இருக்கவில்லை. மறுநாள் காலை மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி அதை மூழ்கடித்தன. கப்பற் தலைவர் உட்பட 307 பேர் இறந்தனர். கூடச் சென்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் ‘வம்பயர்’ அதே காலையில் மூழ்கியது. உயிர் தப்பிய சுமார் 600 பேரை ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பல் மீட்டது.

கேள்வி: அப்படியானால் என்னைப் போன்றவர்கள் பார்க்கக்கூடிய கப்பல் எதுவும் கிழக்கில் இல்லையா? உள்ளே நுழைந்து பார்க்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: இருக்கிறது. அதே 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி மூழ்கிய ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல், பாசிக்குடாவிலிருந்து படகில் போகும் தூரத்தில், சுமார் 24 மீற்றர் ஆழத்தில் இரண்டாக உடைந்து கிடக்கிறது. மேற்படி கணக்கையே போட்டால், நிமிடத்துக்கு 68 லீற்றர் காற்று. 50 பாரைக் கையிருப்பாக விட்டாலும் ஏறத்தாழ 26 நிமிடம் கிடைக்கும். வாடைக்காற்று ஓய்ந்த பிறகு, ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை போவதே நல்லது. கரையிலிருந்து கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களிலும் விடியற்காலையில் புறப்படுங்கள்.

உள்ளே நுழைவது மட்டும் வேண்டாம். எண்பது ஆண்டு கடந்த கப்பலின் அறைத் தளத்தில் துருவும் வண்டலும் மாவு போலப் படிந்திருக்கும். துடுப்புக் காலை ஒரு தடவை அடித்தால் போதும், கைவிளக்கின் வெளிச்சம் பழுப்புச் சுவராகி முகத்தில் மோதும். வந்த வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது. வழிக்கயிறு கட்டி நுழைவதற்கும் தனிப் பயிற்சி உண்டு. வெளியிலேயே பார்க்க எவ்வளவோ இருக்கிறது: துருவின் மேல் பவளம் படர்ந்திருக்கும், இடுக்குகளில் களவாய் மீன்கள் ஒதுங்கி நிற்கும். அறுந்த வலையும் தூண்டில் நரம்பும் இரும்பில் சிக்கிக் கிடக்கும் என்பதால், அவற்றை அறுக்கச் சிறு கத்தி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நீர் 28 பாகை இருந்தாலும் 3 மில்லிமீற்றர் உடையைத் தவிர்க்காதீர்கள். காற்றை விட நீர் பல மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுத்துவிடும். துருப்பிடித்த தகட்டின் விளிம்பும் தோலைக் கிழித்துவிடும்.

கேள்வி: நினைவுக்காகச் சிறு பித்தளைத் துண்டு ஒன்று எடுத்து வரலாமா? (வாசகர், கல்முனை)

பதில்: கூடாது. மூழ்கிய போர்க்கப்பல் அதன் நாட்டுக்கே சொந்தம் என்பது சர்வதேச வழக்கம். அதிலும் ஹெர்மிஸ் நூற்றுக்கணக்கானோர் அடங்கிய இடம். வணிகக் கப்பலாயினும் நியாயம் ஒன்றுதான். உங்களுக்குப் பின்னால் வருகிறவரும் அந்தப் பித்தளையை அது கிடந்த இடத்தில் பார்க்கட்டும்.

கேள்வி: பாசிக்குடாவில் காலையில் சுழியோடிவிட்டு அன்று மாலையே நுவரெலியாவுக்குப் போகத் திட்டம். விமானத்தில் ஏறப் போவதில்லை, ஆகவே பிரச்சினை இல்லைதானே? (வாசகர், கொழும்பு)

பதில்: பிரச்சினை உண்டு. பலரும் மறந்துபோவதை நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பயணிகள் விமானத்தின் உள்ளேயும் காற்றழுத்தம் ஏறக்குறைய அந்த அளவுக்கே குறைகிறது. உடம்பில் எஞ்சிய நைதரசனுக்கு, மலைப்பாதை வாகனமா விமானமா என்ற வேறுபாடு தெரியாது. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் கடந்த பின்பே மலையேறுங்கள். ஏறும் வழியில் நிலை நிற்க வேண்டி வந்திருந்தால் 24 மணி நேரத்துக்கும் மேல் பொறுத்திருங்கள். பயண ஒழுங்கைத் திருப்பிப்போட்டு, முதலில் நுவரெலியா, பிறகு பாசிக்குடா என்று வைத்துக்கொண்டால் இந்தக் காத்திருப்பே தேவைப்படாது.