அமெரிக்க அதிபர் போடும் கையெழுத்தை அடுத்த அதிபர் எப்படி ரத்து செய்ய முடிகிறது?

அமெரிக்கா வெளிநாடுகளோடு உடன்பாடு செய்ய முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஓட்டுப்போடுபவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதலோடு செய்யும் உடன்படிக்கை. மற்றொன்று, அதிபர் தன் அதிகாரத்தில் செய்துகொள்ளும் நிர்வாக உடன்பாடு.

செனட்டை ஏன் கேட்க வேண்டும்? நாட்டையே கட்டிப்போடும் வாக்குறுதியை ஒரே ஆள் கொடுத்துவிடக் கூடாது என்று அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் நினைத்தார்கள். ஆனால் அந்த வாசல் ரொம்பக் குறுகல். முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் சமாதான உடன்படிக்கையை அப்போதைய அதிபர் வில்சன் பாரிசில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி முடித்தார். 1920 மார்ச்சில் செனட்டில் ஆதரவு 49, எதிர்ப்பு 35. பெரும்பான்மை இருந்தும் மூன்றில் இரண்டு பங்குக்கு 7 ஓட்டுக் குறைவு, அவ்வளவுதான். வில்சனே முன்னின்று உருவாக்கிய, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா கடைசிவரை சேரவில்லை.

அதனால் பிற்கால அதிபர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான் போகிறார்கள். வேகமான வழி, ஆனால் பிடிமானம் குறைவு. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் தண்ணீர் லாரிக்காரரிடம் தானே பேசி முடித்த ஏற்பாடு மாதிரி. பொதுக்குழுத் தீர்மானம் இல்லாததால் அடுத்த செயலாளர் வந்ததும் நிறுத்திவிடலாம். பாரிஸ் பருவநிலை உடன்பாட்டில் 2016இல் ஒபாமா அமெரிக்காவைச் சேர்த்தார், 2020இல் டிரம்ப் விலக்கினார், 2021இல் பைடன் திரும்பச் சேர்த்தார், 2025இல் டிரம்ப் மறுபடி விலக உத்தரவிட்டார். மற்ற நாடுகளுக்குத் தலை சுற்றாதா?

சரி, செனட் ஒப்புதல் இல்லையென்றால் நிர்வாக உடன்பாடு சட்டப்படி செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஈரானில் பணயக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களின் விடுதலைக்காக அதிபர் செய்த நிர்வாக உடன்பாட்டின்படி எடுத்த நடவடிக்கைகளை 1981இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.