‘பாஸ் ஆகும் வரை என் பொறுப்பு’ என்ற பட்டறைக்காரர் இப்போது கைவிரிக்கிறார்

கேள்வி: ஐயா, நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். ஏழு வருஷமான மைவி காடியை (காரை), ஆப் மூலம் ஆள் ஏற்றும் இ-ஹெய்லிங்கில் ஓட்டித்தான் குடும்பம் நடக்கிறது. வருஷாந்திரப் பரிசோதனைக்கு முன்னால் பக்கத்துப் பட்டறையில் விட்டேன். “பாஸ் ஆகும் வரை என் பொறுப்பு தம்பி” என்று தவுக்கே (பட்டறை முதலாளி) சொன்னார். பிரேக், எஞ்சின் சர்வீஸ் எல்லாம் சேர்த்து 1,380 ரிங்கிட் வாங்கினார். மறுநாளே கொண்டுபோனேன். பிரேக்கிலும் புகையிலும் ஃபெயில். திரும்பப் போய்க் கேட்டால், “அங்க மெஷின் அப்படி, நான் என்ன செய்ய?” என்கிறார். இன்னொரு 250 கொடுத்தால் தெரிந்த ஆளை வைத்து ‘செட்டல்’ பண்ணித் தருகிறாராம். பாஸ் இல்லாமல் இ-ஹெய்லிங் பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியவில்லை; அது முடிந்து 11 நாளாகக் காடி வாசலில் நிற்கிறது. பெர்மிட் தேதியை அவருக்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். “ஓகே தம்பி, அதுக்குள்ள முடிச்சிரலாம்” என்று பதிலும் போட்டார். கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா? ஓடாத நாளுக்கு நஷ்டம் கேட்கலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்த 250 ரிங்கிட்டைப் பேசிவிடுவோம். கொடுக்காதீர்கள். 2009 மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு வாங்குபவரை மட்டுமல்ல, கொடுப்பவரையும் பிடிக்கும். பரிசோதனை மையத்து ஊழியர் அரசு ஊழியர் அல்லவே என்ற வாதமும் எடுபடாது. ஒரு நிறுவனத்துக்காக வேலை செய்கிறவரும் அந்தப் பிரிவுக்குள் அடக்கம். சிறை 20 ஆண்டு வரை. அபராதம் குறைந்தது லஞ்சத் தொகையைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இரண்டில் எது கூடுதலோ அது. உங்கள் 250-க்கு ஐந்து மடங்கு 1,250தான், ஆகவே குறைந்தது 10,000 என்று வந்து நிற்கும். ‘தெரிந்த ஆள்’ என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்பதும் தெரியாது. பணம் தவுக்கேயின் சட்டைப் பைக்குள் போனாலும், லஞ்சம் கொடுக்கத் தந்த காசைத் திருப்பித் தா என்று எந்த மன்றத்திலும் போய் நிற்க முடியாது. காசு கேட்டு மெசேஜ் ஏதும் வந்திருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். இப்படிக் கேட்கப்பட்டவர் அதைத் தெரிவிக்க வேண்டிய கடமை அதே சட்டத்தின் 25-ஆவது பிரிவில் இருக்கிறது.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் காடிக்கு நம் நாட்டில் ஆண்டுப் பரிசோதனை கிடையாது. பெயர் மாற்றும்போதும் அதுபோன்ற சில சமயங்களிலும்தான் போக வேண்டும். 2019 ஜூலையில் அமலுக்கு வந்த இ-ஹெய்லிங் விதிகள்தான், மூன்று வயது தாண்டிய காடியை வருஷா வருஷம் பரிசோதனைக்கு அனுப்புகின்றன. வாகனப் பரிசோதனையில் புஸ்பாகோம் நிறுவனத்துக்கு இருந்த தனியுரிமை 2024 ஆகஸ்ட்டோடு முடிந்தாலும், எந்த மையத்துக்குப் போனாலும் நம் வாயில் ‘புஸ்பாகோம் போறேன்’ என்றுதான் வருகிறது.

இப்போது “மெஷின் அப்படி” என்ற பேச்சு. பிரேக் மெஷின் உருளையில் சக்கரத்தைச் சுழலவிட்டு, இடது வலது இரண்டிலும் எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கிறது. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய என்றால் ஃபெயில். முன்பக்கம் புது பேட் போட்டால் மட்டும் இது சரியாகிவிடாது. காலிப்பர் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பின் டிரம்மில் எண்ணெய் கசியலாம், ஹேண்ட்பிரேக் கேபிள் தளர்ந்திருக்கலாம். ‘பரிசோதனைக்குத் தயார்’ என்று பணம் வாங்கியவர் இவற்றைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். புகை விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு சின்ன இடுக்கு உண்டு. எஞ்சின் சூடாகாமல் சோதித்தால் நல்ல காடியும் சில சமயம் தவறும். எஞ்சினை அணைத்துவிட்டு வரிசையில் நெடுநேரம் காத்திருந்தீர்களா என்று அவர் கேட்கக்கூடும். பதிலை யோசித்து வையுங்கள்.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது, பட்டறை பில்லையும் மையத்தில் கொடுத்த ஃபெயில் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. வழக்கு அந்த இரண்டு தாளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. பில்லில் பிரேக் வேலை இருந்து, தாளிலும் பிரேக் தவறியிருந்தால் நீங்கள் பலமான இடத்தில் நிற்கிறீர்கள். முன் கண்ணாடியின் டின்டட், டயர் தேய்மானம் என்று நீங்கள் அவரிடம் ஒப்படைக்காத எதிலாவது தவறியிருந்தால் அந்தப் பழி அவர் தலையில் விழாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவுப்படி, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். 54-ஆவது பிரிவு இன்னும் உங்கள் பக்கம். இன்ன காரியத்துக்காக என்று சொல்லி வேலை கொடுத்தால், வேலை அந்தக் காரியத்துக்கு ஆக வேண்டும். ஆனால் நேராகப் பணத்தைத் திருப்பித் தா என்று தொடங்க முடியாது. திருத்தக்கூடிய குறை என்றால் திருத்த ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வாயால் கேட்டுவிட்டீர்கள், இப்போது எழுத்தில் கேளுங்கள். “இத்தனை நாளுக்குள் சரிசெய்து தாருங்கள், இல்லையென்றால் வேறு பட்டறையில் செய்து செலவை உங்களிடம் வசூலிப்பேன்” என்று சொன்னால் போதும். மூன்று நாள் தவணை நியாயமானதே. கோபத்தைக் காட்டும் வாக்கியம் ஒன்றுகூட வேண்டாம். அதைப் பிறகு நடுவர் படிப்பார்.

அவர் மசியவில்லையென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், கட்டணம் 5 ரிங்கிட், நிரப்ப வேண்டியது பாரம் (படிவம்) 1. விஷயம் எழுந்த மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே பொதுவாக லாயர் ஆஜராக முடியாது. என் தொழிலுக்கு நஷ்டமான ஆலோசனைதான், இருந்தாலும் சொல்கிறேன்: நீங்களே போங்கள். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். எதிராளி பெயர் எழுதுமிடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பட்டறைப் பலகையில் இருக்கும் பெயர் வேறு, எஸ்.எஸ்.எம். எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிந்த பெயர் வேறாக இருக்கும். தேடிப் பார்த்து எழுதுங்கள்.

“இவர் காடியை வைத்துத் தொழில் செய்கிறவர், பயனீட்டாளர் இல்லை” என்று அந்தப் பக்கம் வாதிடலாம். சட்டத்தின் விளக்கம் அப்படி இல்லை. சாதாரணமாகச் சொந்தத் தேவைக்கு வாங்கப்படும் வகைச் சேவையா என்பதுதான் முதல் கேள்வி. மறுவிற்பனை, உற்பத்தி போன்ற சில காரணங்களுக்காக வாங்குபவர்தான் வெளியே போகிறார். மைவிக்குப் பிரேக் சரிபார்ப்பது எல்லா வீட்டுக்காரரும் செய்கிற வேலை. என் கருத்தில் கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. ஒருவேளை நடுவர் ஒப்பவில்லை என்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் லாயர் இல்லாமலே போடும் சிறு கோரிக்கை வழக்கு இருக்கிறது.

கடைசியாக, ஓடாத நாட்கள். 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தம் மீறினால் இன்ன நஷ்டம் வரும் என்று இருவரும் முன்பே அறிந்திருந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்க அனுமதிக்கிறது. இங்கேதான் அந்தப் பெர்மிட் தேதி மெசேஜ் வேலை செய்கிறது. “என் பொறுப்பு” என்று அவர் வாயால் சொன்னதை இல்லை என்று மறுத்துவிடலாம். “ஓகே தம்பி, அதுக்குள்ள முடிச்சிரலாம்” என்று போட்டதை மறுக்க முடியாது. தேதி தாண்டினால் உங்கள் பிழைப்பு நிற்கும் என்று தெரிந்தே வேலையை ஏற்றார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி உங்களிடம் இல்லை. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். போன் மாற்றினால் பழையதை விற்காதீர்கள்.

ஆனாலும் 11 நாளும் முழுசாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். நஷ்டத்தைக் குறைக்க உங்கள் கையில் வழி இருந்ததா என்று அதே பிரிவு பார்க்கிறது. வேறு பட்டறையில் இரண்டு நாளில் முடிந்திருக்கும் என்றால், மீதி நாளை வாசலில் நிறுத்தியது உங்கள் கணக்கு. மொத்த வசூலையும் கேட்காதீர்கள். கடந்த எட்டுப் பத்து வார ஆப் அறிக்கைகளை எடுத்து, பெட்ரோலையும் கமிஷனையும் கழித்து, ஒரு நாளுக்குக் கையில் நின்றது எவ்வளவு என்று காட்டுங்கள். குறைத்துக் கேட்டாலும் கணக்கோடு கேட்டவரைத்தான் நடுவர் நம்புவார். பெர்மிட் இல்லாமல் “ரெண்டு டிரிப்தானே” என்று ஓட்டியும் விடாதீர்கள். சமானை (அபராதச் சீட்டை) விடுங்கள், ஒரு இடி வாங்கினால் காப்புறுதிக்காரர் உங்கள் காடிக்குக் காசு தர மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

தவணை முடிந்து வேறு பட்டறைக்குக் கொண்டுபோகும்போது, என்ன குறை இருந்தது, ஏன் ஃபெயில் ஆகியிருக்கும் என்று புது போர்மேனை (மெக்கானிக்கை) நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். திறக்கும்போதே படம் எடுங்கள். கழற்றிய பழைய பேட், பிளக், எதுவானாலும் அங்கேயே குப்பையில் போட விடாமல் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள்.