கல்யாணப் பத்திரிகையில் தமிழைச் சாய்த்தால் ஏன் நன்றாக இல்லை?

"பாளையங்கோட்டையில் பத்திரிகை அடிக்கிறோம், ஆங்கிலப் பக்கத்தில் இட்டாலிக் அழகாக இருக்கிறது, தமிழில் மட்டும் ஏன் கோணலாகத் தெரிகிறது?" என்பது கேள்வி.

ஆங்கில இட்டாலிக் வெறும் சாய்வு அல்ல. வெனிசில் ஆல்டஸ் மனூசியஸின் அச்சகத்துக்காக, அச்செழுத்து வெட்டும் கலைஞர் கிரிஃபோ, கையெழுத்தைப் பார்த்து வெட்டிய தனி எழுத்து. 1501-இல் அதில் புத்தகமே வந்துவிட்டது. டைம்ஸ் நியூ ரோமன் ஃபான்ட்டைப் பாருங்கள்: இட்டாலிக்கில் சின்ன 'ஏ' (a) மேல்மாடியை, அதாவது மேலே வளையும் கொக்கியை இழக்கும், சின்ன 'எஃப்' (f) கோட்டுக்குக் கீழே வால் விடும். பெரும்பாலான தமிழ் ஃபான்ட்டுகளில் அப்படித் தனியாக வரைந்தது கிடையாது. பொத்தானை அழுத்தினால் மென்பொருள் நேர் எழுத்தையே வலப்பக்கம் தள்ளிவிடும். சுழிகள் நசுங்கும், மெய்யின் புள்ளி பக்கத்து எழுத்தை நெருங்கும். மண்டப முகவரியைப் பொடியாகச் சாய்த்துப் போட்டால் தாத்தாமாருக்குச் சங்கடம்தான்.

தமிழை நேராக விட்டு, பெயர்களைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லுங்கள். ஆங்கிலத்திலும் மணமக்கள் பெயருக்கும் அழைப்பு வரிக்கும் இட்டாலிக் போதும்.