கூரையில் 3 கிலோவாட் சோலார் இருந்தும் கரண்ட் போனால் வீடு இருட்டாகிவிடுகிறதே, ஏன்? பேட்டரி சேர்க்கலாமா?

உங்கள் வீட்டில் இருப்பது பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (ஈபி லைனில் கரண்ட் இருந்தால் மட்டுமே ஓடுவது) என்று வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் மானியத்தில் (3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய்) போட்ட வீடுகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். கரண்ட் போனதும் அது நிற்பது பழுது இல்லை. நிற்காமல் ஓடினால்தான் பயப்பட வேண்டும்.

காரணம், கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன். 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்கும் தெரு டிரான்ஸ்பார்மர் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். உங்கள் வீட்டு 230 வோல்ட் கீழிருந்து உள்ளே போனால் மேலே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வெளிவரும். அதனால் மத்திய மின்சார ஆணைய விதிப்படி, வோல்டேஜ் 184-க்குக் கீழோ 253-க்கு மேலோ போனால் 2 விநாடிக்குள்ளும், அதிர்வெண் 47.5-க்குக் கீழோ 50.5-க்கு மேலோ போனால் 0.2 விநாடிக்குள்ளும் இன்வெர்ட்டர் லைனை விட்டு விலக வேண்டும். கரண்ட் திரும்பியபின் குறைந்தது 60 விநாடி நிலையாக இருந்தால்தான் மறுபடி சேரும்.

இதை ஏமாற்ற வழி சொல்பவர்கள் இருக்கிறார்கள். டீசல் ஜெனரேட்டரையோ சாதாரண வீட்டு யூ.பி.எஸ்ஸையோ ஈபி லைன் போலக் காட்டி சோலாரை ஓட வைக்கலாம் என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சோலார் 2,500 வாட் தரும்போது வீட்டில் 400 வாட்தான் ஓடினால், மிச்சம் 2,100 வாட் அந்த யூ.பி.எஸ்ஸுக்குள் திரும்பும். உள்ளே ஸ்விட்ச் போல வேலை செய்யும் மாஸ்பெட் என்ற பாகம் வெடிக்கும். ஜெனரேட்டராக இருந்தால் அதன் வேகக் கட்டுப்பாடு குலையும்.

சரியான வழி, சோலார், பேட்டரி, ஈபி மூன்றையும் சேர்த்து ஓட்டும், பேக்கப் முனை உள்ள ஹைபிரிட் இன்வெர்ட்டர். கரண்ட் போனதும் அது ஈபி பக்கத்தை ரிலேயால் (தானியங்கி ஸ்விட்ச்) துண்டித்துவிட்டு, தனி டிபி பாக்ஸில் (ஸ்விட்ச் பெட்டி) இருக்கும் அவசிய லோடுகளை மட்டும் ஓட்டும். ஏ.சி., கீசர், மோட்டாரை அந்த டிபிக்குக் கொண்டுவராதீர்கள். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது இழுப்பது ஒரு கிலோவாட் அளவுதான், கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். இன்வெர்ட்டர் ஓவர்லோடில் விழும்.

பேட்டரிக்கு 51.2 வோல்ட், 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஒன்று போதும். கணக்கில் 5.12 யூனிட், இழப்பு போகக் கைக்கு வருவது 4 யூனிட் அளவு. கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் மூன்று, ஐந்து பல்பு, ஃபிரிட்ஜ், ரவுட்டர் சேர்ந்து சராசரி 200 வாட் என்றால் 20 மணி நேரம் வரும். அதே மூன்றும் பழைய 75 வாட் ஃபேன் என்றால் 12 மணி நேரம்தான். பேட்டரி வாங்கும் முன் ஃபேனை மாற்றுங்கள். கரண்ட் இருக்கும் நாட்களிலும் பேட்டரியைச் சும்மா வைக்க வேண்டாம்: 30 சதவீதம் இருப்பு வைத்துவிட்டு, மிச்சத்தை மாலை 6 முதல் 10 வரை செலவாகும்படி செட் பண்ணுங்கள். சூரியன் இறங்கியபின் ஊரே கரண்ட் இழுக்கும் நேரம் அது. உங்கள் வீடாவது லைனில் பாரம் ஏற்றாமல் இருக்கும்.

"பேட்டரியே இல்லாமல் எங்கள் வீட்டில் பகலில் வருகிறதே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். சில மாடல்களில் அந்த வசதி உண்டு, மறுக்கவில்லை. மேகம் மறைத்தால் அதுவும் அணையும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும். பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை உள்ள டி.சி. (நேர்மின்சார) பக்கத்தில், ஏ.சி. (மாறுமின்சார) லைனுக்கான எம்.சி.பி.யை (தானே விழும் ஸ்விட்ச்) மாட்டிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குக் கடும் கோபம் உண்டு. ஏ.சி. ஒரு விநாடிக்கு 100 தடவை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும், டி.சி.யில் அணையாது, பெட்டியோடு எரியும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு குடும்பத்தை அந்த ஆபத்தில் விடுகிறார்கள். கேபிளிலும் இதே கஞ்சத்தனம். மீட்டருக்கும் இன்வெர்ட்டருக்கும் 30 மீட்டர் தூரம், 13 ஆம்பியர் என்றால் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 6 வோல்ட் அளவு ஏறும். மீட்டரில் 249 இருக்கும் மத்தியானத்தில் இன்வெர்ட்டர் முனையில் 253 வரம்பை மீறி 254-ஐத் தாண்டி, நல்ல வெயிலில் டிரிப் ஆகும். 6 சதுர மி.மீ. போட்டால் ஏறுவது இரண்டரை வோல்ட்தான்.

ஹைபிரிட் மாட்டியதும் ஒரு சோதனை, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து. மெயினை அணைத்து, பேக்கப்பில் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். 100 வோல்ட் போலக் காட்டினால் நியூட்ரல் எர்த்தோடு இணையாமல் மிதக்கிறது. சாதனத்தின் பாடியில் கரண்ட் கசிந்தாலும், கசிவு கண்டால் லைனைத் துண்டிக்க வேண்டிய ஆர்.சி.சி.பி. விழாது. அதன் டெஸ்ட் பட்டன் மட்டும் அப்போதும் வேலை செய்யும் என்பதால் அதை நம்ப வேண்டாம். பேக்கப்பில் போகும்போது நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் ரிலேயை மாட்டும்வரை கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.